படபடப்பு, வகை: மனம்

இன்னும் ஒரே ஒரு பச்சைச் சீட்டுதான். அதுவும் விழுந்துவிட்டால் தர்ஷினிக்கு முப்பது நாளைக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறக்காது. காளீஸ்வரிக்கு இது தெரியும். தர்ஷினிக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பேரும் வரிசையில் நின்று, மில் கேன்டீன் சாம்பாரில் இப்போதெல்லாம் பருப்பே இருப்பதில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பயந்துபோனவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

சேந்தனேரிப் பெரியாஸ்பத்திரிக்கு வாசல் வந்து பத்து வருஷம் ஆகிறது. வாசல் என்றால் நிலையும் கதவும் அல்ல. ஆளுயரக் கண்ணாடிக் கூண்டு. உள்ளே போய், கையை ஒரு தட்டில் வைத்து, உடம்புக்கு என்ன என்று சொல்ல வேண்டும். நல்ல பதவிசான ஒரு பெண் குரல் கேட்டுக்கொள்ளும், தேவைப்பட்டால் இரண்டு கேள்வி கேட்கும், சீட்டுத் தரும். சிவப்பு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் பொழுது சாய்வதற்குள். பச்சை என்றால் வந்த வழியே வீட்டுக்கு. மூன்று மாதத்தில் மூன்று பச்சை வாங்கினால் ‘தேவையற்ற வருகை’ என்று முப்பது நாள் மூடல். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றால் அங்கேயும் இதே வாசல்தான், கண்ணாடி மட்டும் கொஞ்சம் பளபளப்பு. ஊர்க்காரர்கள் அந்தக் குரலுக்கு ‘வாசலம்மா’ என்று பெயர் வைத்து வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். எதிரே போய் நின்றால் பவ்யமாகப் பேசுவார்கள். அத்தனை பெரிய ஊருக்கு மூன்றே மூன்று டாக்டர். யாரைப் போய் நோவது?

“விழுந்ததைத் திரும்பச் சொல்லு, தர்ஷு.”

“எத்தனை தடவை மதினி! மில்லு பஸ்ஸு கெளம்பிருச்சு. பிடிக்கணுமேன்னு ஓடுனேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. அப்புறம் ஒண்ணுமே தெரியல. முழிச்சுப் பார்த்தா ரோட்டுல கெடக்கேன். டிரைவர் அண்ணன் மூஞ்சியில தண்ணி தெளிக்கிறாரு.”

“கிறுகிறுன்னு வந்துச்சா, இல்ல சுத்தமா நெனவே இல்லையா?”

“நெனவே இல்ல. முழங்கைய பாருங்க, எப்படி சிராய்ச்சிருக்குன்னு.”

முன்னால் இரண்டு தடவையும் இப்படி விழவில்லை. மில்லில் மாடிப்படி ஏறும்போது படபடப்பு, அவ்வளவுதான். இரண்டு தடவையும் தனியாக வாசலுக்கு வந்து, இரண்டு தடவையும் ஒரே சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தாள். தட்டில் கை வைக்கிற நேரத்துக்கு நாடி சமர்த்தாக நடந்துகொண்டிருக்கும். வந்தது வந்த சுவடே தெரியாமல் போயிருக்கும். சீட்டில் எழுதியிருப்பது: மனப் பதற்றம். ஓய்வு எடுக்கவும். தேநீர், காபியைக் குறைக்கவும். ஆழ்ந்து மூச்சு விடவும்.

மனப் பதற்றம். அந்த இரண்டு சொல்லைப் பார்த்தாலே காளீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தர்ஷினி அவளுக்கு நாத்தனார், கணவன் கதிரேசனின் தங்கை. கதிரேசன் போய் ஒன்பது வருஷம் ஆயிற்று. அவனும் இதே கூண்டில் நின்று இரண்டு பச்சைச் சீட்டு வாங்கியவன்தான். “என்னய்யா பதற்றம் உமக்கு? பொண்டாட்டின்னா அவ்வளவு பயமா?” என்று காளீஸ்வரியே கேலி பண்ணியிருக்கிறாள். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டாளிகளோடு அணைக்குக் குளிக்கப் போனான். ஐந்து வயசிலேயே நீச்சல் பழகியவன். மடைக்கும் கரைக்கும் பந்தயம் போட்டு நீந்துகிறவன். நடுத் தண்ணீரில் ஒரு கை போட்டான், மறு கை வரவில்லை.

நீச்சல்காரன் எப்படி மூழ்குவான்? அவனாகத்தான் போயிருக்கிறான் என்றது ஊர். போலீஸ் ஸ்டேஷனில் வாசலின் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். மனப் பதற்றம், இரண்டு முறை. அதற்கு மேல் யாரும் எதையும் தோண்டவில்லை. “எம்புள்ள மனசை என்னடி பண்ணுன?” என்று மாமியார் நடுவீட்டில் வைத்துக் கேட்டாள். அப்போது பதினெட்டு வயசு தர்ஷினிதான் குறுக்கே வந்து நின்று, “மதினிய இன்னொரு வார்த்தை சொன்னீங்க, நான் இந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்” என்றாள். அந்தப் பேச்சின் தெம்பில்தான் காளீஸ்வரி இன்று வரை ஊருக்குள் தலை நிமிர்ந்து நடமாடுகிறாள். அப்பேர்ப்பட்ட பெண்ணை இன்றைக்கு ரோட்டில் விழ விட்டு, சும்மா வீட்டுக்குக் கூட்டிப் போவதா?

வரிசை நகர்ந்தது. அவர்களுக்கு முன்னால் துண்டு போட்ட ஒரு பெரியவர், அவருக்குப் பின்னால் கல்லூரிப் பெண் ஒருத்தி. கூண்டின் மேல்புறம் ஒரு சாண் திறப்பு உண்டு. உள்ளே பேசுவது வெளியே இரைச்சலாக விழும், பாதி புரியாது. ஆனால் காளீஸ்வரிக்குப் புரியும். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் அவளுக்குக் காதுதான் பிழைப்பு.

சேந்தனேரியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் அப்போது ‘சொல் கம்பெனி’ என்று ஒன்று இருந்தது. அறுபது பெண்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யார் யாரோ பேசிய குரல் துண்டு துண்டாக வரும். கேட்டு, அதில் உள்ள சொல் எந்த வகை என்று கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். எதற்கு, யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரன் தமிழ் படிக்கிறான் போல என்று சிரித்துக்கொள்வார்கள். சொல்லுக்கு உதாரணம் எழுதுவதில் காளீஸ்வரி கெட்டிக்காரி. அதற்காக அவளுக்கு ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். மூடி உடைந்து போனாலும் இன்னமும் அதில்தான் இட்லி எடுத்து வைக்கிறாள்.

“நெஞ்சு திடுக்கு திடுக்குன்னு அடிக்குதும்மா” என்றார் பெரியவர்.

“மயங்கி விழுந்தீர்களா? நெஞ்சில் வலி உண்டா? மூச்சு வாங்குகிறதா?” என்று கேட்டாள் வாசலம்மா.

“விழலம்மா. மூச்சுதான் கொஞ்சம் வாங்குது.”

மஞ்சள் சீட்டு.

அடுத்து அந்தக் கல்லூரிப் பெண். “ரெண்டு நாளா படபடப்பா இருக்கு.”

கேள்வியே இல்லை. பச்சைச் சீட்டு. தேநீர், காபியைக் குறைக்கவும்.

காளீஸ்வரிக்குச் சுருக்கென்றது. இரண்டு பேரும் சொன்னது ஒரே கோளாறுதானே? இவர் ‘அடிக்குது’ என்றார், அவள் ‘படபடப்பு’ என்றாள். அவரிடம் மூன்று கேள்வி, அவளிடம் ஒன்றுகூட இல்லை. அட, சொல்தான்! அந்தச் சொல்லைச் சொன்னால் மேற்கொண்டு கேட்கவே கேட்காது போல!

அவள் திரும்புவதற்குள் தர்ஷினி கூண்டுக்குள் போய்த் தட்டில் கையை வைத்துவிட்டாள்.

“தர்ஷு! அந்த வார்த்தையச் சொல்லாதடி! நெஞ்சு அடிக்குதுன்னு சொல்லு! விழுந்துட்டேன்னு சொல்லு!”

காளீஸ்வரி கண்ணாடியைத் தட்டிய வேகத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. உள்ளே தர்ஷினி, என்ன மதினி என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள். உதடு அதற்குள் அசைந்துவிட்டது.

“ஓடும்போது படபடப்பா வந்துச்சு. மயக்கமாகி…”

“பதற்றத்தின்போது மயக்கம் வருவதுபோல் தோன்றுவது இயல்பு” என்றாள் வாசலம்மா, பதவிசாக. “இது உங்கள் மூன்றாவது பச்சைச் சீட்டு. முப்பது நாள் கழித்து வாருங்கள். ஆழ்ந்து மூச்சு விடுங்கள்.”

சீட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த தர்ஷினிக்கு முகம் வெளுத்திருந்தது. “போவோம் மதினி. ஒண்ணுமில்லன்னுதான அதுவும் சொல்லுது. நான் இனிமே ஓடல, சரியா?”

“வாய மூடு.” காளீஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகினாள். “இங்கேயே நில்லு. நான் கூப்பிட்டா ஓடாம நடந்து வா.”

வரிசையில் பின்னால் நின்றவர் கத்தினார். “ஏம்மா, அடுத்து நாங்கதான நிக்கோம்?”

“ரெண்டு நிமிஷம்ணே. செத்துப் போயிரப் போறா.”

யார் என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வழி விட்டார்.

கூண்டுக்குள் போய்த் தட்டில் கை வைத்தாள். வாழ்க்கையில் பரீட்சைக்குக்கூடப் பிட் அடித்ததில்லை அவள். பொய் சொல்லி உள்ளே போனால் ஒரு வருஷம் மூடல். எதற்கும், பிள்ளை பெறுவதற்குக்கூட, சீட்டுக் கிடைக்காது; இன்னொருவருக்குத் துணையாக மட்டும் வரலாம். கூண்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

“உங்களுக்கு என்ன செய்கிறது?”

“நெஞ்சு தாறுமாறா அடிக்குது. ஓடும்போது மயங்கி விழுந்துட்டேன். நெனவே இல்ல.”

“எவ்வளவு நேரத்துக்கு முன்?”

“ஒரு மணி நேரம்.”

“உங்கள் நாடி இப்போதும் மிக வேகமாக இருக்கிறது.”

இருக்காதா பின்னே! பொய் சொல்கிற பயத்தில் அது கையை உடைத்துக்கொண்டு ஓடியது. சிவப்புச் சீட்டு விழுந்தது. துணைக்கு ஒருவர் வரலாம் என்றாள் வாசலம்மா. காளீஸ்வரி கையசைத்தாள். நோயாளி துணையாகவும், துணை நோயாளியாகவும், இரண்டு பேரும் கதவைத் தாண்டினார்கள்.

உள்ளே டாக்டர் நூர்ஜஹான் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய அம்மா. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. சீட்டைப் பார்த்ததும், “படும்மா, படு” என்று கட்டிலைக் காட்டினார்.

“எனக்கில்ல டாக்டரம்மா. இவளுக்கு.”

நர்ஸ் கையிலிருந்த ஒயர்கள் அப்படியே நின்றன.

“என்னது?”

“விழுந்தது இவதான். பச்சைச் சீட்டு குடுத்திருச்சு, மூணாவது. நான் பொய் சொல்லித்தான் வந்தேன். எனக்கு என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க. இவளை ஒரு தடவை பாத்துருங்க.”

“ஏம்மா, அறிவிருக்கா? வெளிய நிஜமாவே நெஞ்சு வலியோட எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா? ஆளாளுக்கு இப்படிப் புகுந்தா நான் யாரைப் பாக்கறது?” டாக்டர் கோபத்தில் சீட்டை மேஜைமேல் எறிந்தார். “காவலாளியைக் கூப்பிடு சிஸ்டர்.”

“கூப்பிடுங்க. ஆனா ஒரே ஒரு கேள்வி, அதுக்குப் பதில் சொல்லிட்டுக் கூப்பிடுங்க. இந்தப் பிள்ளை நடக்கும்போது விழல, உக்காரும்போது விழல, ஓடும்போது விழுந்துச்சு. அரை நிமிஷம் நெனவே இல்ல. அதைக் கேக்காமலே வாசலம்மா வீட்டுக்குப் போகச் சொல்லிட்டா. நீங்களும் அப்படித்தான் சொல்வீங்களா?”

டாக்டர் நிமிர்ந்து தர்ஷினியைப் பார்த்தார். சிராய்த்த முழங்கையைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

“படும்மா” என்றார், இந்த முறை தர்ஷினியிடம்.

மார்பிலும் கை காலிலும் ஒயர் ஒட்டி, காகிதம் சரசரவென்று ஓடி வந்தது. நர்ஸ் கிழிக்கப் போனாள். “இரு” என்றார் டாக்டர். அந்தக் கோடுகளின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். காளீஸ்வரிக்கு அவர் முகத்தைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

“நல்லவேளை வந்தீங்க” என்றார் டாக்டர் கடைசியில். கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. “இதயம் ஒரு அடி அடிச்சா, அடுத்த அடிக்குத் தயாராகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கும். இந்தப் பொண்ணுக்கு அந்த நேரம் ரொம்ப நீளமா இருக்கு. சும்மா இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது. நாடி பிடிச்சுப் பார்த்தாலும் தெரியாது. ஓடினா, ரொம்ப மூச்சைக் கட்டினா, தாளம் குழம்பிடும். ரத்தம் மூளைக்குப் போகாது. ஆள் விழுந்துடும். தானா சரியாச்சுன்னா எந்திரிக்கலாம்.”

“ஆகலைன்னா?” என்றாள் தர்ஷினி.

“மாத்திரை இருக்கு. கட்டுப்படுத்திடலாம். இன்னிக்கு இங்கதான் இருக்கணும்” என்றார் டாக்டர்.

“படபடப்புன்னா எல்லாருக்கும் இப்படியா டாக்டரம்மா?”

“அட, இல்லம்மா. முக்காவாசிப் பேருக்கு ஒண்ணுமே இருக்காது. டீ அதிகம், தூக்கம் இல்ல, ரத்தசோகை, தைராய்டு, பயம், இப்படி ஏதாச்சும் இருக்கும். அதுக்கெல்லாம் யாரும் தலை தெறிக்க ஓடி வர வேண்டாம், சாவகாசமாக் காட்டினாப் போதும். ஆனா படபடப்போட மயங்கி விழுந்தா, நெஞ்சு வலிச்சா, மூச்சு முட்டினா, ஓடும்போது வந்தா, அதை விடக் கூடாது. அப்புறம் இன்னொண்ணு கேக்கணும். வீட்டுல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா?”

“இல்ல” என்றாள் தர்ஷினி உடனே. “எங்க வீட்டுல யாருக்கும் நெஞ்சுக் கோளாறு கெடையாது. அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. அவரு தண்ணியில…”

டாக்டரின் பேனா நின்றது. “நீச்சல் தெரியுமா அவருக்கு?”

“ஊர்லயே அவரை மாதிரி நீந்த ஆள் கெடையாது.”

“அவருக்கும் படபடப்பு வந்ததுண்டா?”

காளீஸ்வரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“உண்டு” என்றாள். “ரெண்டு பச்சைச் சீட்டு.”

“அவர் மூழ்கலம்மா” என்றார் டாக்டர் மெதுவாக. “இனிமே நிரூபிக்க முடியாது. ஆனா இந்தக் கோட்டைப் பார்த்துட்டு எனக்கு வேற எதுவும் தோணல. நீந்தறப்ப இதயம் குழம்பியிருக்கு. தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடியே நெனவு போயிருக்கும்.”

அப்படியானால் அவனாகப் போகவில்லை. என்னை விட்டுப் போகவில்லை. ஒன்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் ஒரு கணத்தில் புரண்டது. காளீஸ்வரி வாய்விட்டு அழுதாள். தர்ஷினி ஒயரோடு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளப் பார்க்க, நர்ஸ் அதட்டிப் படுக்க வைத்தாள்.

“அழறதுக்கு நேரமில்லம்மா” என்றார் டாக்டர். “இது ரத்தத்துல வர்றது. அவருக்குப் பிள்ளைங்க இருக்கா?”

காளீஸ்வரியின் அழுகை பட்டென்று நின்றது.

“ஒரே பொண்ணு. இனியா. பன்னிரண்டு வயசு.”

“எங்க இருக்கா?”

“ஸ்கூல்ல. இன்னைக்கு…” அவள் பையில் போனைத் தேடினாள். “இன்னைக்கு ஸ்போர்ட்ஸ் டே.”

எடுத்த அவசரத்தில் இரண்டு முறை தப்பான பெயரைத் தொட்டாள். மூன்றாவது முறை விளையாட்டு வாத்தியார் எடுத்தார். பின்னால் மைக் சத்தமும் பிள்ளைகள் சத்தமும்.

“சார், நான் இனியா அம்மா பேசுறேன். அவளை ஓட விடாதீங்க!”

“என்னங்க இப்பப் போய் சொல்றீங்க? நானூறு மீட்டர் ஃபைனல், லைன்ல நிக்கிறா. படபடப்பா இருக்கு சார்னு இப்பத்தான் வந்து சொன்னா. போட்டின்னா அப்படித்தாம்மா இருக்கும், தண்ணியக் குடிச்சிட்டுப் போய் நில்லுன்னு…”

“சார்! அவளை உக்கார வைங்க! உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்!”

போனில் விசில் ஊதியது. ஒரே கூச்சல். வாத்தியார் என்னவோ கத்தினார், பிறகு போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சத்தம். காளீஸ்வரி சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். காதோடு அழுத்திய போனில் காற்றும் காலடியும் மட்டும் கேட்டன. சார், சார் என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

“பிடிச்சிட்டேங்க” என்றது மூச்சு வாங்கிய குரல். “பத்தடி ஓடிட்டா, கையப் பிடிச்சு நிறுத்திட்டேன். நல்லா இருக்கா. அழுவுறா. போன வருஷமே ரெண்டாவதா வந்த பிள்ளைங்க…”

“அழட்டும் சார்” என்றாள் காளீஸ்வரி. “நல்லா அழட்டும். ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. ஒரு அடி ஓட விடாம கூட்டிட்டு வாங்க.”

பிள்ளை வரும் வரை டாக்டர் சும்மா இருக்கவில்லை. தர்ஷினியின் மூடலை நீக்க வேண்டும். மேஜையில் இருந்த திரையை இழுத்து, பச்சைச் சீட்டுக்கு என்ன காரணம் என்று வாசலையே கேட்டார். “பத்து வருஷமா இதோட மல்லுக்கட்டறேன். ஒரு நாளும் ஏன்னு கேட்டுப் பாத்ததில்ல. நேரமே இருக்கறதில்ல” என்று முணுமுணுத்தபடி வாசித்தார்.

“சொல்: படபடப்பு. வகை: மனம். மேற்கொண்டு கேள்வி தேவையில்லை. உதாரணம்…” டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு பார்க்க மாடிப்படி ஏறி வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் வருமே, அந்தப் படபடப்பு. யாரோ நல்லா ரசிச்சு எழுதியிருக்காங்க.”

காளீஸ்வரி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

மாடிப்படி. அவள் பிறந்த வீடு அப்போது மாடியில் இருந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அடுப்படியில் நின்றபடி அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். நாலைந்து பேர் ஏறினார்கள். அதில் ஒரு செருப்பு மட்டும் தயங்கித் தயங்கி ஏறியது. அதுதான் கதிரேசன். சனிக்கிழமை வேலைக்குப் போனதும் அவள் கட்டத்தில் வந்த முதல் சொல் படபடப்பு. எந்த வகையில் போட என்று சூப்பர்வைசரைக் கேட்டாள். “நீங்க பேசுற தமிழ்தானேம்மா, உங்களுக்குத் தெரியாதா?” என்றார் அவர். தெரியாதா என்ன? நேற்றுத்தானே வந்தது! சிரித்துக்கொண்டே மனம் என்று டிக் அடித்து, உதாரணமும் எழுதினாள். அந்தச் சொல்லுக்குத்தான் ஹாட் பாக்ஸ்.

“டாக்டரம்மா” என்றாள். “இதை எழுதுனது நான்தான்.”

டாக்டர் புரியாமல் பார்த்தார்.

“மனம்னு டிக் அடிச்சதும் நான்தான். எதுக்குன்னு தெரியாது. சொல்லவும் இல்ல, கேக்கவும் இல்ல. அன்னைக்கு அந்தப் படியில ஏறி வந்தது அவருதான். அவரு வர்ற சத்தத்தக் கேட்டு எழுதுன வரிய வச்சுத்தான் அவரையே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கு. ரெண்டு தடவை.” இப்போது அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. “எத்தனை பேரை அனுப்புச்சோ.”

கட்டிலில் இருந்த தர்ஷினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒரு குரலுக்கு எவ்வளவு நேரம் குடுத்தாங்க?” என்றார் டாக்டர்.

“ஒண்ணரை நிமிஷம்.”

“எனக்கு ஒரு நோயாளிக்கு நாலு நிமிஷம்.” டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். “நான் உங்களைத் திட்டவும் மாட்டேன், தேற்றவும் மாட்டேன். இந்த ஊர் வாசலை மாத்த எனக்கு அதிகாரம் இருக்கு. மத்த ஊருக்கு மேல எழுதணும், நாளாகும், நான் விடாம எழுதறேன். இப்ப இந்தச் சொல்லை நீங்களே திருத்துங்க. நான் சொல்ற கேள்வியெல்லாம் போடுங்க. நம்ம ஊர் சனம் பேசற மாதிரி போடுங்க.”

திரையில் இரண்டே கட்டம்தான் இருந்தது. உடல், மனம். அன்றைக்கும் அதே இரண்டுதான். காளீஸ்வரி இரண்டிலும் டிக் அடிக்கவில்லை. கீழே காலியாக இருந்த இடத்தில், இந்தச் சொல்லைக் கேட்டால் வகை பிரிக்க வேண்டாம், முதலில் கேள் என்று எழுதினாள். டாக்டர் ஒவ்வொரு கேள்வியாகச் சொல்ல, அவள் எழுதினாள். கடைசிக் கேள்வியில் மட்டும் டாக்டர் சொல்லாத ஒரு வரியைச் சேர்த்தாள்.

அதற்குள் காவலாளி வந்துவிட்டார். பொய்ச் சீட்டு என்று பதிவாகிவிட்டதாம், அதை டாக்டராலும் அழிக்க முடியாதாம். ஒரு வருஷம் மூடல். “போய்ட்டு வாங்க மதினி, பிள்ளையப் பாருங்க” என்றாள் தர்ஷினி. காளீஸ்வரி அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள். தர்ஷினி ஒயர் ஒட்டிய கையை நீட்டி அவள் விரலைப் பிடித்து அழுத்தினாள். “அண்ணன் படியேறி வந்தப்ப எனக்கும் கேட்டுச்சு. நானும் பின்னாலதான வந்தேன். நீங்க எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்ல.”

வெளியே ஆட்டோ வந்து நின்றது. மார்பில் ஏழாம் நம்பர் குத்திய சட்டையோடு இனியா இறங்கினாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விடுவிடுவென்று நடக்கப் போனவளை, “மெதுவா!” என்று அம்மாவும் வாத்தியாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். பிள்ளை கூண்டுக்குள் போய்க் கையை வைத்தாள்.

“உங்களுக்கு என்ன செய்கிறது?”

“ஒண்ணுமில்ல. எங்கம்மாதான் சும்மா…” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஓடுறதுக்கு முன்னாடி படபடப்பா இருந்துச்சு. அவ்ளோதான்.”

காளீஸ்வரி இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள்.

“முன்பு எப்போதாவது மயங்கி விழுந்தது உண்டா?” என்று கேட்டாள் வாசலம்மா.

“ஒரு தடவை. பிரேயர்ல. வெயில்னு சொன்னாங்க.”

“உங்கள் குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? தண்ணீரில் போனவர்கள் இருந்தால் அவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.”

இனியா திரும்பிக் கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் கேட்கக் கூடாது என்று தெரிந்து வளர்ந்த ஒரே விஷயம் அது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொன்னதைக்கூட அவள் வந்து சொன்னதில்லை. காளீஸ்வரி, சொல்லு என்று தலையை ஆட்டினாள். நன்றாகவே ஆட்டினாள்.

“எங்கப்பா” என்றாள் பிள்ளை.

சிவப்புச் சீட்டு விழுந்தது. துணைக்கு ஒருவர் வரலாம் என்றாள் வாசலம்மா. காளீஸ்வரிக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அது எந்த வகை என்று அவள் யோசிக்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.